ஓய்வுக்கால குடியிருப்பில் பொதுக் கட்டடத்தை இடித்துக் கட்டும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையைச் சுற்றி ஓய்வுபெற்றவர்களுக்கான குடியிருப்புகள் வர ஆரம்பித்து இருபது வருஷம் ஆகிவிட்டது. முதலில் கட்டியவற்றில் சமையல்கூடம், உணவுக்கூடம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதுக்கு வருகின்றன. எங்கள் குடியிருப்பில் சமையல்கூடத்தை இடித்துக் கட்டியபோது நான் கண்காணிப்புக் குழுவில் இருந்தேன். காலை நடையிலும் சாப்பாட்டு மேசையிலும் அதே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அப்புறம் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்தும் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

கண்காணிப்புக் குழுன்னா என்னங்க? அதான் அசோசியேஷன் கமிட்டி இருக்கே, அது போதாதா?

முடிவெடுப்பதும் கமிட்டி, பணம் கொடுப்பதும் கமிட்டி. வேலை சரியாக நடந்ததா என்று பார்ப்பதும் அவர்களே என்றால், நல்லவர்களுக்கே அது பாரம். பின்னால் ஒரு பேச்சு வந்தால் அவர்கள் பக்கம் நின்று சொல்ல ஆள் இருக்காது. அதனால் கமிட்டியில் இல்லாத ஐந்து பேர் தனியாக வேண்டும். கட்டட வேலை தெரிந்த ஒருவர், கணக்கு தெரிந்த ஒருவர், தினமும் அங்கே சாப்பிடுகிற இரண்டு பேர். ஐந்தாவது ஆள் வாக்கரோ சக்கர நாற்காலியோ பயன்படுத்துகிறவராக இருக்க வேண்டும். இந்த ஐந்தாவது இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இந்தக் குழு மேஸ்திரிக்கு உத்தரவு போடக் கூடாது. அதற்கு உள்ள உரிமை, பார்ப்பதும் கேட்பதும்தான்: எஸ்டிமேட், ஒப்பந்தம், பில், அளவுப் புத்தகம், பரிசோதனை அறிக்கை. அந்த உரிமையைப் பொதுக்குழுத் தீர்மானமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக இருந்தால் முதல் பில்லிலேயே தகராறு வரும்.

ரிப்பேர் பண்ணினாலே போதுமே, எதுக்கு முழுசா இடிக்கணும்?

இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை வைத்துச் சோதிக்க வேண்டும். சுத்தியல் போன்ற கருவியால் தட்டி மேல்பரப்பின் உறுதியைப் பார்ப்பார்கள். ஒலி அலையை உள்ளே அனுப்பி விரிசலும் பொந்தும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கான்கிரீட்டில் உருளையாகத் துளைத்து எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சோதிப்பவரும் கட்டப்போகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

எங்கள் இடத்தில் முதலில் பேச்சு எழுந்தது மொத்தக் கட்டடத்தையும் இடிக்கத்தான். பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்திருந்தது. விழுந்த துண்டைக் கையில் எடுத்தேன். அதோடு வந்த கம்பியின் துரு, பொரித்த அப்பளம் மாதிரி விரல் பட்டதும் நொறுங்கியது. எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. ஆனால் சோதனையில், பல வருஷம் நீராவியும் கசிவும் பட்ட சமையல் பகுதிதான் போயிருக்கிறது, சாப்பிடும் கூடத்தின் தூண்கள் நன்றாக இருக்கின்றன என்று தெரிந்தது. ஒரு பாதியை இடித்தோம், மறுபாதியைச் சீர்செய்தோம். சோதனைக்கு ஆன செலவு அதில் மிச்சமானதற்குப் பக்கத்தில்கூட வராது.

இன்னும் ரெண்டு மூணு வருஷம் தள்ளிப்போட்டா என்ன ஆயிடும்?

அழகு வேலை என்றால் தள்ளிப்போடலாம். கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று அறிக்கை வந்த பிறகு தள்ளிப்போடக் கூடாது.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 1981-ல் கட்டிய பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்று 2021 ஜூன் 24 அதிகாலையில் சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். 2018-லேயே ஒரு பொறியாளர் பெரிய பழுதுகளைச் சொல்லி அறிக்கை கொடுத்திருந்தார். வீட்டுக்காரர்கள் செலவைப் பற்றி விவாதித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு கோடியே ஐம்பது லட்சம் டாலர் வசூலுக்கு ஒப்புதல் கிடைத்து, வேலை முழுமையாகத் தொடங்கும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த வருஷமே அந்த மாநிலம், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள இத்தகைய குடியிருப்புகளை 30 வருஷத்தில் கட்டாயம் சோதிக்க வேண்டும், அப்புறம் பத்து வருஷத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. நம்முடையது ஒரு மாடிச் சமையல்கூடம்தான். ஆனால் அதன் கீழே காலை நாலரை மணியிலிருந்து ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

இது பில்டர் பண்ண வேண்டிய செலவு இல்லையா? நாம ஏன் கொடுக்கணும்?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ன் கீழ் வருகிற திட்டம் என்றால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறை, வேலைத்தரக் குறைகளை பில்டர் தன் செலவில் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். ஐந்து வருஷம் முடியப் போகிறது என்றால் இன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் நம் செலவுதான்.

அதற்கு முன் இரண்டு காகிதங்களைப் பாருங்கள். பொதுக் கட்டடமும் அதன் நிலமும் யார் பெயரில் இருக்கின்றன? வீடு வாங்கும்போது நாம் கட்டிய கார்பஸ் நிதி (பெரிய செலவுகளுக்கான பொதுச் சேமிப்பு) சங்கத்தின் கணக்குக்கு வந்துவிட்டதா, இன்னும் பில்டரிடமே இருக்கிறதா? கட்டடம் பில்டர் பெயரிலேயே இருக்கும்போது நாம் பணம் போட்டு எழுப்பினால் அவர் சொத்தை நாம் கட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும். முதலில் எழுதி வாங்குங்கள், பிறகு இடியுங்கள். வீட்டை விலைக்கு வாங்காமல் வைப்புத்தொகை கட்டி இருப்பவர்களுக்கு ஒப்பந்தமே வேறு. மூலதனச் செலவை அவர்கள்மேல் போட ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா என்று அதைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

எத்தனை பேர் சம்மதிச்சா போதும்?

தமிழ்நாட்டில் 1994 சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் நிறைவேறி, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இருக்கிறது. முழுக் குடியிருப்பையும் இடித்து மறுபடி கட்ட, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் அதில் போதும். ஆனால் நம் ஊர்ப்பக்கம் பல குடியிருப்புகள் தனித்தனி வீடுகள். சங்கமும் 1975-ம் வருஷச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது. அங்கே பொதுக் கட்டடம் ஒன்றுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதை உங்கள் பைலா, அதாவது சங்கத்தின் விதிமுறைதான் சொல்லும்.

பைலாவில் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று இருந்தாலும், மூன்றில் இரண்டு பங்கை நாமாகவே எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. 51 பேர் சரி, 49 பேர் வேண்டாம் என்று சொன்ன கட்டடத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது கஷ்டம்.

வீடு பையன் பேர்ல இருக்கு, அவன் டல்லாஸ்ல இருக்கான். இங்க குடியிருக்கறது நாங்க. எங்களுக்கு ஓட்டு உண்டா?

ஓட்டு உரிமையாளருடையது. பைலா அனுமதித்தால் அவர் உங்களுக்கு அதிகாரக் கடிதம் கொடுக்கலாம். கூட்டத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள். ஒருவர் கையில் இத்தனை கடிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைப்பதும் அவசியம். ஒரே ஆள் இருபது கடிதத்தோடு வந்தால் மற்றவர்கள் பேசுவதற்கு அர்த்தம் இல்லை. ஓட்டு இல்லாவிட்டாலும் இங்கே குடியிருப்பவர்கள் ஒவ்வொருவரின் கருத்தையும் தனியாகக் கேட்டு நடவடிக்கைக் குறிப்பில் பதிய வேண்டும்.

விளக்கக் கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைத்தால் அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகளுக்குக் காலை நேரம், ஆன்லைனில் சேரலாம். அவர்களில் சிலருக்கு இது புதிதே இல்லை. கலிபோர்னியாவில் இத்தகைய சங்கங்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது பொதுச் சொத்துகளை நேரில் பார்த்து, எது எப்போது பழுதாகும், எவ்வளவு சேமிக்க வேண்டும் என்று கணக்கெடுக்க வேண்டும். வருஷச் செலவுத் திட்டத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் சிறப்பு வசூல் என்றால், அவசர நிலை தவிர, உறுப்பினர்கள் ஓட்டு வேண்டும். இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை என்பதற்காக அந்தப் பழக்கம் இருக்கக் கூடாது என்று இல்லையே.

எனக்கு 84 வயசு. இன்னும் முப்பது வருஷம் நிக்கப்போற கட்டடத்துக்கு நான் ஏன் கொடுக்கணும்?

கேட்டவர் என் பக்கத்து வீட்டு அம்மா. கணவர் இறந்த பிறகு குடும்ப பென்ஷனில் இருப்பவர். இதை யாரும் சுயநலம் என்று சொல்லக் கூடாது. இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் மிக நியாயமானது இதுதான்.

பாரத்தைப் பிரிக்க வழிகள் இருக்கின்றன. முதலில் கார்பஸ் நிதியில் எவ்வளவு எடுக்கலாம் என்று பாருங்கள், முழுவதையும் காலி செய்யாமல். மீதியை வீட்டின் அளவுக்குத் தக்கபடியா, எல்லோருக்கும் சமமாகவா என்று பைலாப்படி பிரியுங்கள். உதாரணத்துக்கு, 100 வீடுகள், நிதி போகத் தேவை ஒரு கோடி என்றால் வீட்டுக்கு ஒரு லட்சம். அதை ஒரே தடவையில் கேட்டால் பலர் ஃபிக்ஸட் டெபாசிட்டை நடுவில் உடைக்க வேண்டி வரும். 24 மாதத் தவணை என்றால் மாதம் 4,167 ரூபாய். அதுவும் முடியாதவர்களுக்கு, வீடு விற்கும்போதோ வாரிசுக்கு மாறும்போதோ பாக்கியைக் கழித்துக்கொள்வதாக எழுதி வாங்கிக்கொள்ளலாம். நீண்ட காலம் பயன்படுத்தப் போகிறவர்கள் இனி வீடு வாங்கி வருகிறவர்கள்தான். அவர்கள் கட்டும் சேர்க்கைத் தொகையில் ஒரு பங்கை இந்த நிதிக்கு ஒதுக்கினால் முதியவர்கள் மேல் விழும் சுமை குறையும்.

யார் யார் தவணை கேட்டார்கள் என்பது பொருளாளருக்கும் இன்னொருவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அது செய்யக் கூடாத காரியம். எண்பது வயதில் ஒருவர் சாப்பாட்டுக்கு வரக் கூச்சப்பட்டுத் தட்டை அறைக்கு அனுப்பச் சொல்கிற நிலைமையை எந்தப் புதுக் கட்டடத்துக்காகவும் உண்டாக்கக் கூடாது.

சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசிட்டா கணக்கு சுலபம்தானே?

வீடு கட்டும்போது அப்படிப் பேசிப் பழகிவிட்டோம். சமையல்கூடத்தில் புகைபோக்கி, கேஸ் குழாய், எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிக்கும் தொட்டி, தரை வடிகால் என்று சதுர அடிக்குள் அடங்காதவைதான் அதிகம். மண் தோண்டுவதிலிருந்து பெயின்ட் வரை ஒவ்வொரு வேலைக்கும் அளவு, விலை எழுதிய பட்டியல் வேண்டும். பொதுப்பணித் துறை வருஷாவருஷம் விலைப் பட்டியல் வெளியிடுகிறது. அதோடு ஒப்பிட்டால் எந்த வரி உப்பியிருக்கிறது என்று தெரியும்.

விலை ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்று முதல் நாளே கேளுங்கள். கட்டட ஒப்பந்த வேலைக்கு 18 சதவீதம். ஒரு கோடி என்று கைதட்டி ஒப்புக்கொண்டது பில் வரும்போது ஒரு கோடியே பதினெட்டு லட்சமாக நிற்கும். நம்மிடம் வசூலிக்கும் தொகைக்கு வரி வருமா என்பதையும் ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாதப் பராமரிப்பில் ஒருவருக்கு 7,500 ரூபாய் வரை விலக்கு உண்டு என்பதை மட்டும் வைத்து நாமே முடிவு செய்துவிடக் கூடாது.

மூணு கொட்டேஷன்ல கம்மியா சொன்னவருக்கே கொடுத்துடலாமே?

மூவரும் ஒரே பட்டியலுக்கு விலை சொல்லியிருந்தால் யோசிக்கலாம். ஆளுக்கு ஒரு பட்டியல் என்றால் ஒப்பிடவே முடியாது. மற்ற இருவரைவிட மிகவும் குறைவாக ஒருவர் சொன்னால், எந்த வரியில் குறைத்தார் என்று கேளுங்கள். விட்டதெல்லாம் பின்னால் ‘எக்ஸ்ட்ரா ஐட்டம்’ என்று வரும். மூடிய உறைகளை உறுப்பினர்கள் முன்னால் பிரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

சாப்பாடு, ஹவுஸ்கீப்பிங் நடத்துற கம்பெனியே கட்டித் தர்றேங்குது. விட்டுடலாமா?

எங்களுக்கும் அப்படி ஒரு யோசனை வந்தது, நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் கோபம் இல்லை. தினமும் நமக்குச் சாப்பாடு போடுகிறவரிடம் பில்லைப் பற்றிக் கறாராகப் பேச யாருக்கும் மனசு வராது. அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பிலும் கட்டட பாக்கி வந்து உட்காரும். சமையல்கூடம் எப்படி அமைய வேண்டும் என்பதில் அவர்கள் யோசனை கட்டாயம் தேவை. தலைமைச் சமையல்காரரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். கட்டுவது வேறு ஆளாக இருக்கட்டும்.

பணத்தை எப்பெப்போ கொடுக்கணும்?

இந்த வேலைக்கென்று தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. முன்பணம் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம், அதையும் அடுத்தடுத்த பில்களில் கழித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு முடிந்த வேலைக்கு மட்டும்தான் பணம். இன்ஜினியர் அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதி, குழுவில் ஒருவர் கூட நின்று பார்த்துக் கையெழுத்திட்ட பின்தான் காசோலை. சில இடங்களில் தேதி வைத்துத் தவணை எழுதுகிறார்கள். தேதி வந்துவிடும், வேலை வந்திருக்காது.

ஒவ்வொரு பில்லிலும் ஐந்து சதவீதத்தை நிறுத்தி வைத்து, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (கட்டிய பின் தெரியும் குறைகளை ஒப்பந்ததாரர் சரிசெய்து தர வேண்டிய காலம்) முடிந்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வருமான வரிப் பிடித்தமும் நம் கடமை: ஒப்பந்ததாரர் தனிநபர் என்றால் ஒரு சதவீதம், நிறுவனம் என்றால் இரண்டு. விட்டுவிட்டால் வட்டியோடு நம் தலையில் வரும்.

எங்களுக்கு இன்ஜினியரிங் தெரியாது. வயசானவங்க போய் என்னத்தைப் பார்க்கறது?

சம்பளத்துக்கு ஒரு தனி சைட் இன்ஜினியர் நிச்சயம் வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுப்பது நாமாக இருக்க வேண்டும், ஒப்பந்ததாரராக இருக்கக் கூடாது. அதற்கு மேல் நம்மால் ஆவதும் நிறைய இருக்கிறது.

எங்கள் குழுவில் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர். கம்பி லாரி வந்த அன்று 12 மி.மீ. கம்பியில் ஒரு மீட்டர் வெட்டித் தரச் சொன்னார். சமையல்கூடத்துத் தராசில் வைத்தார். கம்பியின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். பன்னிரண்டுக்கு 0.889 கிலோ. ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். தராசு 870 கிராம் காட்டியது. ‘சரி, இறக்கச் சொல்லுங்க’ என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு லோடுக்கும் எடை பார்த்து நோட்டில் எழுதினோம். கான்கிரீட் போடும் நாளில் 150 மி.மீ. அச்சுகளில் கட்டிகள் எடுத்து ஏழாம் நாளும் 28-ம் நாளும் நசுக்கிப் பார்க்க வேண்டும். கான்கிரீட்டின் தரம் எம்25 என்று ஒப்பந்தத்தில் இருந்தால் 28-ம் நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். கோவையில் பொறியியல் கல்லூரிகளின் சிவில் ஆய்வகங்களில் இதைச் செய்து தருவார்கள். கட்டியில் நம் ஆள் தேதியும் கையெழுத்தும் போடட்டும்.

கம்பிக்கும் கான்கிரீட் ஊற்றும் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் (இடைவெளி விட வைக்கும் சிறு கட்டி) இருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்க்கலாம். தளத்துக்குக் குறைந்தது 20 மி.மீ., தூணுக்கு 40. பழைய கூரையில் கம்பி துருப்பிடிக்க ஒரு காரணம் இந்த இடைவெளி போதாததுதான். தளம் போட்ட பிறகு பத்து நாள் ஈரம் காயக் கூடாது. இதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம். மாலை நடையில் போகிறவர்கள் தளத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்கள், அதனால் ஒரு நாளும் விடுபடவில்லை.

இடிச்ச பழைய கம்பி, கதவு, ஸ்டீல் சிங்க் எல்லாம் எங்க போச்சு?

கேட்க வேண்டிய கேள்வி. அவையும் நம் சொத்து. இடிக்கும் முன்பே பட்டியல் எடுத்து, ஒப்பந்ததாரர் எடுத்துக்கொள்வதாக இருந்தால் மதிப்பைப் பில்லில் கழிக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது சாப்பாட்டுக்கு என்ன வழி?

தற்காலிகச் சமையல்கூடம் தயாராகி, ஒரு வாரம் அதில் சமைத்துப் பார்த்த பிறகுதான் பழையதை இடிக்க வேண்டும். அதற்கும் உணவுப் பாதுகாப்பு உரிமம் பொருந்துமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். அந்தச் செலவும் எஸ்டிமேட்டில் இருக்கட்டும். தூசி ஆஸ்துமாக்காரர்களைப் படுத்தும். இடிக்கும் வாரத்தில் பக்கத்து வீடுகளில் இருப்பவர்களுக்குத் தள்ளி உள்ள விருந்தினர் அறைகளைக் கொடுத்தோம். லாரி வரும் வழியும் நாம் நடக்கும் வழியும் ஒன்றாக இருக்கக் கூடாது. காது மந்தமானவர்களுக்குப் பின்னால் வரும் லாரி கேட்காது.

புதுக் கட்டடத்துல எங்களுக்கு வேணுங்கறதை எப்போ சொல்லணும்?

வரைபடம் அனுமதிக்குப் போகும் முன்பு. பிறகு சொன்னால் எல்லாமே எக்ஸ்ட்ரா. ஆனால் வரைபடத்தைப் பார்த்து நம்மில் பாதிப்பேருக்கு ஒன்றும் புரியாது. நாங்கள் இறகுப்பந்து மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கூடத்தை உண்மை அளவில் வரைந்தோம். நாற்காலிகளைப் போட்டு, குழுவில் இருந்த ஐந்தாவது உறுப்பினர் தன் சக்கர நாற்காலியில் கை கழுவும் இடம் வரை போனார். இரண்டு மேசைக்கு நடுவே திரும்பவே முடியவில்லை. அன்று மாலையே ஒரு வரிசை மேசையைக் குறைத்து வரைபடம் மாறியது.

சரிவுப் பாதை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்துக்கு மேல் செங்குத்தாகக் கூடாது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இரு பக்கமும் கைப்பிடி, ஈரத்திலும் வழுக்காத தரை. டைல்ஸைக் கடையில் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒன்றை வாங்கி வந்து தண்ணீர் ஊற்றி நின்று பாருங்கள்.

ஏதாவது கேட்டா ‘எங்க மேல சந்தேகமா’ன்னு கமிட்டிக்காரங்க வருத்தப்படறாங்களே?

அவர்களும் சம்பளம் இல்லாமல் உழைக்கிறவர்கள், வருத்தம் இருக்கும். கேள்வியை ஆளிடம் கேட்காமல் காகிதத்திடம் கேளுங்கள். ‘எவ்வளவு அடிச்சீங்க’ என்பது வேறு, ‘மூன்றாவது பில்லில் 14-வது வரிக்கு அளவு எங்கே எழுதியிருக்கிறது’ என்பது வேறு. கேள்விகளை எழுத்தில் வாங்கி, ஏழு நாளில் எழுத்திலேயே பதில் தருவது என்று முறை வைத்தோம். கேள்வியும் பதிலும் ஒரு கோப்பில் நூலகத்தில் இருந்தன. அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் குரல் உயரவில்லை.

கணக்கையே காட்ட மாட்டேங்கறாங்க. அப்போ?

முதலில் பைலாப்படி உறுப்பினராக எழுதிக் கேளுங்கள், அடுத்து சிறப்புப் பொதுக்குழு கோருங்கள். அதுவும் பலிக்காவிட்டால், 1975 சட்டத்தில் பதிவான சங்கத்தின் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் சேர்ந்து விண்ணப்பித்தால் சங்கங்களின் பதிவாளர் விசாரணை நடத்தலாம். பிரச்சினை பில்டரோடு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். அங்கே எடுபடுவது தேதியோடு உள்ள காகிதம் மட்டும்தான், அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் என்று சொல்லிக்கொண்டே வருகிறேன்.

கட்டி முடிச்சாச்சு, பால் காய்ச்சியாச்சு. குழுவைக் கலைச்சிடலாமா?

நிறுத்தி வைத்த ஐந்து சதவீதம் நம்மிடம் இருக்கும்வரை வேண்டாம். ஒப்படைக்கும் முன் மொட்டைமாடியில் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். அதில் தேறினாலும் ஒரு ஐப்பசி மழையாவது தாண்டட்டும். பொறுப்புக் காலம் ஒரு வருஷம் என்றால் அது மழைக்கு முன்னால் முடியாதபடி ஒப்பந்தத்திலேயே தேதி போட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு முதல் அடைமழையில் சாப்பிடும் கூடமும் புதுச் சமையல்கூடமும் சேருகிற இடத்தில் சுவரோரம் ஈரம் இறங்கியது. காலை இட்லிக்கு வந்த ஒருவர்தான் முதலில் பார்த்துச் சொன்னார். பணம் நம் கையில் இருந்ததால் ஒப்பந்ததாரர் மூன்றாம் நாளே ஆள் அனுப்பி, அந்த இணைப்பைத் திறந்து மறுபடி அடைத்தார். அடுத்த மழையில் சுவர் காய்ந்து இருந்ததைப் பார்த்த பிறகு மீதிப் பணத்துக்குக் கையெழுத்துப் போட்டோம்.